வதனியைத் தேடி வந்தவர்கள்

படிக்கட்டு கழுவுகிறவளுக்கு நாடகம் பார்க்க வழியில்லை, கேட்கத்தான் வழியுண்டு. ஒரு கையில் வாளி, மறு கையில் துடைப்பான், கண் முழுவதும் படியின் மூலையில். அந்த மூலையில் ஒரு தலைமயிர் கிடந்தாலும் மூன்றாம் மாடி வீட்டுக்காரச் சிஞ்ஞோரா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்று பார்ப்பார். கைக்கும் கண்ணுக்கும் வேலை இருக்கிறது, காது மட்டும் சும்மா கிடக்கிறது. இத்தாலியின் பலேர்மோவில் வேலை செய்கிற எங்கள் பெண்கள் வெகுகாலம் அந்தக் காதைப் பழைய பாட்டுகளால் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஞானம்பிகைதான் அதற்குள் கராச்சியைக் கொண்டுபோய் வைத்தாள்.

ஞானம்பிகை யாழ்ப்பாணத்திலிருந்து நேரே இத்தாலிக்கு வந்தவளில்லை. இருபத்திரண்டு வயதில் குவைத்துக்குப் போனாள். அங்கே ஒரு கராச்சிக் குடும்பத்தின் சமையலறை. வீட்டு எஜமானிக்கு மாலையானால் நாடகம் வேண்டும். சமையலறைக் கதவைத் திறந்து வைத்தால் தொலைக்காட்சி தெரியும், ஆகவே உள்ளி உரித்தபடி ஞானம்பிகையும் பார்த்தாள். உருது அவளுக்கு வந்த வழி அதுதான். உப்புக்கும் சீனிக்கும் என்ன பெயர் என்று அறிவதற்கு முன்னரே, மாமியார்மார் மருமகள்மாரைத் திட்டுகிற திட்டெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். அது போதாதா, ஒரு மொழியைப் பிடித்துக்கொள்ள.

பிறகு கலியாணம் பேசி வந்தது, மாப்பிள்ளை பலேர்மோவில் இருந்தார். வந்தாள். குறை சொல்ல முடியாத மனிதர் அவர், அதையும் சொல்லத்தான் வேண்டும். இத்தாலியப் பிரஜாவுரிமை கிடைத்ததும் இங்கிருந்த பலரைப் போல அவரும் லண்டனுக்கு வெளிக்கிட்டார். ஞானம்பிகை போகவில்லை. “நீங்கள் போங்கோ. இன்னொரு ஊரிலை திரும்பவும் ஒண்டிலையிருந்து தொடங்க எனக்கு அலுப்பா இருக்கு” என்றாள். சண்டையும் இல்லை, கண்ணீரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தொலைபேசியில் அழைப்பார், என்ன சமைத்தாய் என்று கேட்பார், அவளும் சொல்வாள். ஆனால் எங்கள் சனம் சும்மா இருக்குமா? அன்றிலிருந்து அவள் பெயருக்கு முன்னால் ‘தனிய இருக்கிற’ என்று ஒரு சொல் வந்து ஒட்டிக்கொண்டது. போர்கோ வெக்கியோவில் மீன் கடைக்கு மேலே ஓர் அறை, காலையில் படிக்கட்டுகள், பகலில் பொலித்தேயாமாப் பக்கம் ஒரு வயதான சிஞ்ஞோராவின் வீடு. நாற்பத்தாறு வயதில் அவளுடைய வாழ்க்கை இவ்வளவுதான், அதில் அவளுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

கதை சொல்லத் தொடங்கியது தற்செயலாகத்தான். அவளோடு அதே படிக்கட்டுகளில் வேலை செய்தவள் நிலக்ஷி. முப்பது வயது, ஒரு பெண் குழந்தை. நிலக்ஷிக்குப் பாகிஸ்தான் நாடகம் என்றால் உயிர், ஆனால் உருது தெரியாது. கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தை வாசிக்கலாம் என்றால் கை தண்ணீருக்குள் இருக்கிறது. “அக்கா, நேற்று அவளுக்கு என்ன நடந்தது?” என்று வாளியை வைத்துவிட்டுக் கேட்பாள். ஞானம்பிகை சொல்வாள். பிறகு இன்னும் நாலு பேர் கேட்டார்கள். பிறகு அது வாட்ஸ்அப்பில் ஒரு குழுவாகி விட்டது. மத்தியானம் சிஞ்ஞோரா சாப்பிட்டுவிட்டுப் படுத்தவுடன், உடுப்புக் காயப்போடுகிற பின்பக்கப் பல்கனியில் இருந்து ஞானம்பிகை புதிய பாகத்தைப் பார்ப்பாள். பார்த்த சூடு ஆறமுன்னர் குரல்பதிவாகச் சொல்லி அனுப்புவாள். அடுத்த நாள் காலையில் பலேர்மோவின் பாதிப் படிக்கட்டுகள் அதைக் கேட்டுக்கொண்டுதான் கழுவப்பட்டன.

அவள் சொல்கிற விதம் தனி. நாடகம் என்ற பேச்சே வராது. எல்லாருக்கும் தமிழ்ப் பெயர் வைத்துவிடுவாள், உருதுப் பெயர்கள் கேட்கிறவர்களைக் குழப்பின என்பதால். மெஹ்ரீன் வதனியானாள். அவளுடைய கணவன் கபிலன். மாமியாருக்குப் பெயர் தேவையில்லை, மாமி என்றால் போதும். நேற்றுத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி ‘பிள்ளையள், கேளுங்கோ’ என்று தொடங்குவாள். மாமிக்கு ஒரு குரல், கபிலனுக்கு ஒரு குரல். சும்மா சொல்லக்கூடாது, நடிகைகள் தோற்றுப்போவார்கள்.

இத்தனை வருடம் பார்த்ததில் அந்த நாடகங்களின் போக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு பெண் கார்ச் சாவியை மேசையில் தொப்பென்று போட்டால் அவள் கெட்டவள். தலைமயிரைத் தோளோடு வெட்டியிருந்தால் இன்னும் கெட்டவள். கோப்பி குடித்துக்கொண்டே தொலைபேசியில் ஆங்கிலம் பேசினாளோ, யாரோ ஒருத்தியின் புருஷனுக்கு ஆபத்து. நல்லவளுக்கு அடையாளம் கையில் ஒரு தேநீர்த் தட்டு. நல்லவள் வேலைக்குப் போக வேண்டுமானால் முதலில் அவளுடைய புருஷன் சாகவேண்டும், அல்லது படுக்கையில் விழவேண்டும். சும்மா, தன்னுடைய ஆசைக்கு ஒருத்தி வேலைக்குப் போனால் அவளை எழுதுகிறவர்கள் விடமாட்டார்கள், கடைசிப் பாகத்தில் எப்படியும் முழங்காலில் விழுத்துவார்கள். எல்லா நாடகமும் அப்படியென்று சொல்லவும் முடியாது. இடைக்கிடை ஒன்றில் ஒரு வக்கீலோ டொக்டரோ கடைசிவரை நிமிர்ந்தே நிற்பாள், அன்றைக்கு ஞானம்பிகை சிஞ்ஞோராவின் பாத்திரங்களைப் பாட்டுப் பாடிக்கொண்டு கழுவுவாள்.

“முடிவு தெரிந்தும் எதற்காகப் பார்க்கிறாய்?” என்று இவெத் ஒருநாள் இத்தாலியனில் கேட்டாள். இவெத் மொரீசியஸ்காரி. பூட்டனார் காலத்தில் தமிழராக இருந்த குடும்பம், இப்போது அவளுக்குத் தெரிந்த தமிழ் ஐந்தாறு சாமிகளின் பெயர் மட்டும். ஆனாலும் குழுவில் இருந்தாள், ஞானம்பிகையின் மாமிக் குரலுக்காக.

“நடுவிலை ஒரு பத்துக் கிழமை இருக்கு” என்று ஞானம்பிகை தனக்குத் தெரிந்த இத்தாலியனில் விளங்கப்படுத்தினாள். அந்தப் பத்துக் கிழமை அந்தப் பெண் தன் காலில் நிற்பாள். தானே உழைப்பாள், தானே கதவைப் பூட்டித் திறப்பாள். கடைசியை அவர்கள் எழுதுகிறார்கள், எழுதட்டும். அந்த நடுவை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். இவெத்துக்கு அது பிடித்துக்கொண்டது.

வதனியின் கதையில் இப்போது அந்த நடுதான் ஓடிக்கொண்டிருந்தது. கபிலனுக்கு வேலை போய்விட்டது. வதனி ஒரு தையல்கடை போட்டாள். கடை நல்லாய் ஓடியது, அதுதான் வினை. மாமி சபித்தாள், கபிலன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தான்.

இங்கே ஞானம்பிகைக்கும் ஒரு காரியம் கூடிவந்தது. பொலித்தேயாமாவுக்கும் துறைமுகத்துக்கும் நடுவிலுள்ள ஐந்து கட்டடங்களின் படிக்கட்டுகளை ஞானம்பிகையும் நிலக்ஷியும் இவெத்தும்தான் வருடக்கணக்காகக் கழுவினார்கள், ஆனால் வேலை வேறு யாரோ ஒருவருடைய நிறுவனத்தின் பெயரில். அந்த மனிதர் தொழிலை விட்டுப் போகிறார். கட்டடங்களை நிர்வகிக்கிற அந்த்ரேயா ஞானம்பிகையைக் கூப்பிட்டுச் சொன்னார்: “நீங்களே ஒரு கூட்டுறவாகப் பதிந்துகொண்டு வாருங்கள். ஐந்தும் உங்களுக்கு. ஆனால் இந்த மாதம் முடிய முன்னர்.” கூட்டுறவு பதிய மூன்று பேர் வேண்டும். ஞானம்பிகை, இவெத், நிலக்ஷி. கணக்குச் சரியாகத்தான் இருந்தது. நோத்தாயோவிடம், அதுதான் இந்தப் பத்திரங்களை எழுதிப் பதிகிறவரிடம், நாளும் குறித்தாகிவிட்டது.

ஞானம்பிகை அன்று நடந்த நடையே வேறு. யாருடைய வீட்டுச் சமையலறையிலோ, யாருடைய நிறுவனத்திலோ இருபத்துநாலு வருடம் உழைத்தவள், முதல்முறையாகத் தன் பெயரில் ஒன்று. அந்த ஆசையை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கண் பட்டுவிடும் என்று பயம்.

கண் படவில்லை, காதில் பட்டது. நிலக்ஷியின் கணவன் பிரதீஸுக்கு வியா மக்வேதாத் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற வேலை. மத்தியான வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவன் சாப்பிட இருந்தான். நிலக்ஷி ரொட்டிக்கு மா குழைத்தபடி கைபேசியில் ஞானம்பிகையின் குரல்பதிவைச் சத்தமாகப் போட்டுவிட்டு, அழுத குழந்தையைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். பிரதீஸ் தனிய இருந்து கேட்டது இதுதான்:

“பிள்ளையள், கேளுங்கோ. வதனி நேற்று உடுப்புப் பெட்டியோட வெளிக்கிட்டிட்டாள். பெட்டையையும் கூட்டிக்கொண்டு போட்டாள். தன்ரை தையல்கடைக்கு மேலை ஒரு அறை எடுத்திருக்கிறாள். வேலை போன கபிலன் வாசல்லை நிண்டவன், ஒரு சொல்லும் சொல்லேல்லை. மாமிதான் றோட்டு முழுக்கக் கேக்கக் கத்தினவா.”

நீங்களே சொல்லுங்கள், இதைக் கேட்டுவிட்டு யார் கராச்சியை நினைப்பார்கள்? பிரதீஸ் நினைக்கவில்லை. ஒரு தமிழ்க் குடும்பம் உடைகிறது என்றுதான் நினைத்தான். நல்ல பெடியன், மனம் பொறுக்கவில்லை. மனைவியிடம்கூடக் கேட்காமல் நேரே தமிழ்ச் சங்கத் தலைவர் அருளம்பலத்திடம் போனான்.

அருளம்பலம் முப்பது வருடமாகப் பலேர்மோவில் இருப்பவர். எந்தக் குடும்பமாவது பிரிகிறது என்று கேள்விப்பட்டால், கூப்பிடாவிட்டாலும் போய்க் கதவைத் தட்டுவார். சில கதவுகள் முகத்திலேயே சாத்தப்பட்டதுண்டு. அதற்காக அவர் தட்டாமல் விட்டதில்லை. இந்த வதனி யார் என்று அவர் விசாரிக்கத் தொடங்கினார். இல்லாத ஒருத்தியை விசாரித்தால் என்ன கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்? எல்லாம் கிடைத்தது. ஹோட்டல் வேலை போன ஒரு கபிலனைத் தனக்குத் தெரியும் என்று ஒருவர் சொன்னார். கபோச் சந்தைக்குப் பின்னால் புதுத் தையல்கடை ஒன்றில் ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கண்டதாக இன்னொருவர் சத்தியம் செய்தார். அந்த மாமியின் வாய் ஊரிலேயே பேர் போனது என்று மூன்றாமவர். அந்தக் கிழமை முடிவதற்குள் வதனிக்கு ஊரும் உறவும் எல்லாம் அமைந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, கீழே மீன்காரர் கூவிக்கொண்டிருக்க, அருளம்பலமும் பிரதீஸும் ஞானம்பிகையின் அறைக்கு ஏறி வந்தார்கள். அவள் தேநீர் போட்டுக் கொடுத்தாள். கூட்டுறவைப் பற்றி ஏதோ கேட்க வந்திருக்கிறார்கள் என்றுதான் அவள் நினைப்பு.

“தங்கச்சி, நீர் ஒளிக்காமல் சொல்லவேணும்” என்று அருளம்பலம் தொடங்கினார். “வதனி இப்ப எங்கை இருக்கிறா?”

“எந்த வதனி, அண்ணை?”

“தையல்கடை வதனி. கபிலன்ரை மனுசி. நாங்கள் ஆருக்கும் பக்கம் எடுக்க வரேல்லை. ஒரு பெட்டைக் குஞ்சு இருக்கெல்லே, அதுக்காகத்தான். அந்தப் பெடியனோட நான் ஒருக்கா இருந்து கதைச்சால் சரிவரும். வேலை போறது பெரிய விசயமே? இஞ்சை ஆருக்குப் போகேல்லை? நம்பரை மட்டும் தாரும்.”

ஞானம்பிகைக்கு விஷயம் விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பை அடக்கப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். எதிரில் ஒரு பெரிய மனிதர் மெய்யான கவலையோடு இருக்கிறார்.

“அண்ணை, அவையள் இஞ்சை இல்லை.”

“அப்ப? மிலானோவிலையோ?”

“கராச்சியிலை.”

அருளம்பலம் யோசித்தார். “கராச்சியிலை எங்கடை ஆக்கள் இருக்கினமோ?”

அவள் கைபேசியை எடுத்து அந்தப் பாகத்தைப் போட்டுக் காட்டினாள். தலையில் சால்வை போட்ட ஒரு பெண் உடுப்புப் பெட்டியை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் ஒரு சின்னப் பெட்டை. வாசலில் ஒருவன் வாய் மூடி நின்றான். அருளம்பலம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முடியும்வரை பார்த்தார்.

“இவவோ வதனி?”

“ஓம், அண்ணை.”

“உவவோ மாமி? பாக்கத் தெரியுது” என்றார். தேநீரைக் குடித்தார்.

பிரதீஸுக்குத்தான் முகம் கறுத்துவிட்டது. ஊர் முழுக்க விசாரிக்க வைத்தவன் அவனல்லவா. நாளைக்கு எத்தனை பேர் சிரிக்கப் போகிறார்கள். அந்த வெட்கம் கோபமாக மாறி வெளியே வந்தது.

“அப்ப நாள் முழுக்க என்ரை மனுசி காதிலை கொழுவிக்கொண்டு திரியிறது இதைத்தான். புருசனை விட்டிட்டு அறை எடுக்கிற கதை. அக்கா, குறை நினையாதேங்கோ, உங்கடை கூட்டுக்கு வேறை ஆளைப் பாருங்கோ. நிலக்ஷி கையெழுத்து வையாள்.”

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான். அருளம்பலமும் பின்னால் இறங்கினார், ஞானம்பிகை கோப்பைகளைக் கழுவ எடுத்தாள். சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்றாவது ஆள் இல்லாவிட்டால் கூட்டுறவு இல்லை, கூட்டுறவு இல்லாவிட்டால் ஐந்து கட்டடமும் இன்னொருவன் கைக்குப் போகும், அவன் இவர்களை வைத்திருப்பானோ என்பதும் சந்தேகம்.

வேறு ஆள் தேடிப் பார்க்காமலில்லை. குழுவிலிருந்த றோசமலர் லண்டனுக்குப் போக ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் இரவு பகலாய் வீடுகளிலேயே தங்கி வேலை செய்பவர்கள், அதை விட்டுவர ஏலாது. கடைசியில் ஞானம்பிகை படிக்கட்டில் வைத்து நிலக்ஷியிடமே கேட்டாள். பிரதீஸின் கோபம் ஆறியதா என்று.

“அவருக்கு உங்களிலை கோவமில்லை, அக்கா” என்றாள் நிலக்ஷி, துடைப்பானைப் பிழிந்தபடி. “தான் ஆற்றையோ கடையிலை சட்டி கழுவ, மனுசி தன்ரை பேரிலை தொழில் நடத்துறதெண்டால் சனம் என்ன கதைக்கும்? அதுதான் அவருக்கு. வாய்விட்டுச் சொல்லமாட்டார்.”

“உனக்கு விருப்பமோ?”

“விருப்பமில்லாமல் இருக்குமே” என்றாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு மேல்மாடிக்குப் போய்விட்டாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது.

இதற்கிடையில் நடந்த ஒன்றை ஞானம்பிகை எதிர்பார்க்கவேயில்லை. அருளம்பலம் அழைத்தார். “தங்கச்சி, என்னையும் உந்தக் குழுவிலை போடும். முதலிலையிருந்து எல்லாத்தையும் கேக்கவேணும். பாதி கேட்டிட்டு ஒரு பிரச்சினையை விடுறது சரியில்லை.” போட்டாள். கேட்டார். தனியக் கேட்டால் போதாதென்று சங்கத்து ஆட்களையும் சேர்த்துவிட்டார். பாத்திரம் கழுவுகிறவர்கள், தோட்ட வேலைக்காரர்கள், நாய்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் வதனியைக் கேட்கத் தொடங்கினார்கள். ஆண்களுக்கு நாடகம் பிடிக்காது என்று யார் சொன்னது? நாடகம் என்று சொல்லாமல் கொடுத்தால் பிடிக்கிறது.

அவர்கள் அதைக் கதையாகக் கேட்கவுமில்லை. ஒரு வழக்கு மாதிரித்தான் கேட்டார்கள், தொடக்கம் அப்படி அமைந்துவிட்டதே. வதனி கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்று ஒருவர். வேலை போனவன் வீட்டிலிருந்து அந்தப் பிள்ளைக்கு ஒரு கை உதவியிருந்தால் குறைந்தா போவான் என்று இன்னொருவர். அருளம்பலம் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, “கபிலனிலைதான் பிழை. அதிலை எனக்கு மாற்றுக் கருத்தில்லை” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். ஒருநாள் மத்தியானம் குழுவில் புதிதாய்ச் சேர்ந்தவர்களைப் பார்த்தபோது அதில் பிரதீஸின் பெயரும் இருந்தது. கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தான்.

கடைசிப் பாகம் நோத்தாயோவின் நாளுக்கு முதல் நாள் வந்தது. ஞானம்பிகை அவருடைய அலுவலகத்துக்கு அழைத்து, குறித்த நாளை இன்னும் நிற்பாட்டவில்லை. நிற்பாட்ட மனம் வரவில்லை. சிஞ்ஞோரா படுத்ததும் பல்கனியில் இருந்து பார்த்தாள். பயந்தபடியே நடந்தது. கபிலன் மோட்டார்சைக்கிளில் விழுந்தான். மாமி நோயாகிப் படுக்கையில் கிடந்தாள். வதனி கடையைப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய் மாமியின் காலடியில் வைத்து அழுதாள். தன்னுடைய ஆணவம்தான் இந்த வீட்டை அழித்தது என்று வசனம் வேறு. அடுத்த காட்சியில் கையில் தேநீர்த் தட்டு. எல்லாரும் சிரித்தார்கள், பாட்டு வந்தது, முடிந்தது.

செருப்பைக் கழற்றி எறிய வேண்டும்போல் இருந்தது ஞானம்பிகைக்கு. கைபேசி அவளுடையது என்பதால் எறியவில்லை.

இதை எப்படிச் சொல்வது? அதுவும் இன்றைக்கு? நிலக்ஷி கேட்பாள், பிரதீஸ் கேட்பான். “பாத்தியே, கடைசியிலை அவளும் பூட்டிப்போட்டு வந்திட்டாள்” என்று அவன் சொன்னால் நிலக்ஷியிடம் என்ன பதில் இருக்கும்? ஞானம்பிகை பதிவுப் பொத்தானை அழுத்தினாள். வதனி இரண்டாவது கடை திறந்தாள் என்றாள். கபிலன் வந்து கடையில் நின்று துணி அளந்து கொடுக்கிறான் என்றாள். மாமி வாய் பேசாமல் பொத்தான் தைக்கிறாள் என்றாள். நல்லாய் வந்திருந்தது. போட்டுக் கேட்டாள், அவளுக்கே அழுகை வந்தது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அனுப்பவில்லை. இன்றுவரை எத்தனை நாடகம் சொல்லியிருப்பாள், பெயரைத்தான் மாற்றினாளே தவிர நடந்ததை மாற்றியதில்லை. நிலக்ஷியை ஒரு பொய்யால் கையெழுத்து வைக்கச் செய்தால், அவளைக் குழந்தையாக நினைத்தது போலாகிவிடும். மாமிமார் செய்வதும் அதைத்தானே, ஒருத்திக்கு எது நல்லதென்று தாங்களே முடிவெடுத்துவிடுவது. பதிவை அழித்தாள். திரும்பவும் தொடங்கினாள். சாவி, காலடி, தேநீர்த் தட்டு எல்லாவற்றையும் உள்ளபடி சொன்னாள். முடிவில் வழக்கத்துக்கு மாறாக ஒன்று மட்டும் சேர்த்தாள்:

“இதுதான் அவையள் காட்டினது, பிள்ளையள். நான் ஒரு சொல்லும் கூட்டேல்லை, குறைக்கேல்லை. எனக்குத் துண்டறப் பிடிக்கேல்லை.”

அனுப்பிவிட்டு உடுப்புகளை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். எல்லாரும் கேட்டுவிட்டார்கள் என்று நீலக்குறி காட்டியது, ஒருவரும் பேசவில்லை. சரி, முடிந்தது என்று நினைத்தாள். நோத்தாயோவுக்கு இனி அழைத்துச் சொல்லிவிட வேண்டியதுதான்.

முதலில் வந்தது அருளம்பலத்தின் குரல்பதிவு. மனிதர் மூச்சு வாங்கினார். “தங்கச்சி, இதென்ன நியாயம்? அந்தப் பிள்ளை என்ன களவெடுத்ததோ? ராப்பகலாத் தைச்சுக் குடும்பத்தைக் காப்பாத்தினவள் மன்னிப்புக் கேக்கிறதோ? கபிலன் மோட்டார்சைக்கிளாலை விழுந்ததுக்கு இவள் என்ன செய்வாள்? இதை எழுதினவனை ஒருக்காச் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லும், நான் கதைக்கிறன்.” அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராய் வந்தார்கள். தோட்டக்காரர் கோபப்பட்டார். பொறுத்திருக்கலாம் என்று முதலில் சொன்ன அதே மனிதர், கடையை எதற்கு மூடவேண்டும், வாடகைக்காவது விட்டிருக்கலாமே என்றார். இவெத் ஒன்றும் விளங்காமலே ஒரு கோபமான முகத்தை அனுப்பிவைத்தாள்.

கடைசியாக நிலக்ஷி. குழுவில் இல்லை, ஞானம்பிகைக்குத் தனியாக.

“அக்கா, வதனி கடையைப் பூட்டினது எனக்குச் சரியாப் படேல்லை. அவள் அவளின்ரை பாட்டுக்குப் பூட்டட்டும். நான் நாளைக்கு வாறன். கையெழுத்து வைக்கப்போறன் எண்டு இவருக்கும் சொல்லிப்போட்டன். எத்தினை மணிக்கு வரோணும்?”

ஞானம்பிகை மடித்த சட்டையைக் கையில் வைத்தபடியே நின்றாள். பதிவு இன்னும் முடியவில்லை. நிலக்ஷி கைபேசியை அணைக்க மறந்திருக்க வேண்டும். பின்னால் சட்டி அடுக்குகிற சத்தம் கேட்டது, பிறகு பிரதீஸின் குரல், கொஞ்சம் முறுக்காகத்தான்:

“பத்து மணிக்கெண்டால் பிள்ளையை நான் பாக்கிறன். எனக்கு வேலை பன்னிரண்டுக்குத்தானே. அதையும் சொல்லு அக்காவுக்கு.”

ஞானம்பிகை அதைத் திரும்பவும் போட்டுக் கேட்டாள். பிறகு இன்னொரு தடவை. குவைத்துச் சமையலறையிலிருந்து இந்தப் பல்கனி வரைக்கும் எத்தனை நாடகம், எத்தனை கணவன்மார். அழுதவன் இருக்கிறான், அடித்தவன் இருக்கிறான், காலில் விழுந்தவன்கூட இருக்கிறான். பிள்ளையை நான் பார்க்கிறேன் என்று ஒருவனும் சொன்னதில்லை.